டிஸ்க்கில் இடமில்லை என்று சர்வர் சொன்னால், தீர்ந்தது எது?

லினக்ஸ் சர்வரில் இடம் தீர்ந்துபோனால் அது நேராக வந்து சொல்வது அபூர்வம். இணையதளம் திறக்கும், லாகின் மட்டும் ஆகாது. லாகினை நினைவில் வைக்கும் செஷன் கோப்பை எழுத இடமில்லை. மெயில் உள்ளே வராது. டேட்டாபேஸ் படிக்கச் சொன்னால் படிக்கும், எழுதச் சொன்னால் அப்படியே நிற்கும். சரி, என்னதான் ஆயிற்று என்று எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே போய், ஃபோல்டர் பெயரைப் பாதி அடித்துவிட்டு டேப் விசையைத் தட்டினால், மீதிப் பெயர் வராது. தற்காலிகக் கோப்பு உருவாக்க முடியவில்லை என்று, கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் புலம்பும். அந்தப் புலம்பலின் வாலில் இருக்கும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்ற வரிதான் பல நேரம் முதல் துப்பு.

அந்த வரிக்குப் பின்னால் இருப்பது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் திருப்பித் தரும் 28ஆம் எண் பிழை. ஏதோ ஒரு புரோகிராம் எதையோ ஒதுக்கித் தரும்படி கேட்டது, கெர்னல் இல்லையென்று கைவிரித்தது. அவ்வளவுதான். எது இல்லை என்பதை அந்த எண் சொல்லாது. தரவு வைக்கும் பிளாக்குகள் தீர்ந்திருக்கலாம். கோப்பின் விவரங்களைப் பதியும் ஐநோடு தீர்ந்திருக்கலாம். சர்வரின் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கென்று ஒதுக்கிய பங்கு மட்டும் மிச்சமிருக்கலாம். டிஸ்க்குக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வரம்பில் போய் முட்டியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஆனால் பதற்றத்தில் எல்லோர் கையும் போகும் இடம் ஒன்றுதான்: பெரிய கோப்பாகப் பார்த்து அழிப்பது. அழித்த பிறகும் இடம் வராமல் போவது உண்டு. அழித்ததே சர்வரைவிடப் பெரிய பிரச்சினையாக முடிவதும் உண்டு. ஆகவே எதைத் தொடுவதற்கும் முன்னால் இரண்டு கட்டளைகள்: டிஎஃப் -ஹெச், அப்புறம் டிஎஃப் -ஐ. முதலாவது பிளாக் கணக்கு, இரண்டாவது ஐநோடு கணக்கு.

டிஎஃப் காட்டும் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது சதவீதம் அல்ல, எந்த மவுன்ட் (ஃபோல்டர் ஒன்றில் இணைக்கப்பட்ட டிஸ்க் பகுதி) நிறைந்திருக்கிறது என்பது. சர்வரில் ரூட் (எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலான '/' பகுதி), /பூட், /வார், /டெம்ப் எல்லாம் தனித்தனிப் பகுதிகளாக இருக்கலாம். /வார் நிறைந்திருக்கும்போது /ஹோமில் 10 ஜிபி அழித்து ஒரு பயனும் இல்லை. பிழை தந்த புரோகிராம் எந்தப் பாதையில் எழுதப் பார்த்தது என்று தெரிந்தால், அந்தப் பாதையையே டிஎஃப் கட்டளைக்குக் கொடுக்கலாம். அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று ஒரே வரியில் காட்டிவிடும்.

அடுத்து, கணக்கு இடிக்கிறதே என்று புதியவர்கள் குழம்பும் இடம். மொத்தம் 50 ஜிபி, பயன்பட்டது 47.5 ஜிபி, மிச்சம் 0 என்று டிஎஃப் காட்டும். நடுவில் 2.5 ஜிபி எங்கே போனது? கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை உருவாகும்போதே 5 சதவீத இடத்தை ரூட்டுக்கு என்று ஒதுக்கி வைத்துவிடுகிறது. சாதாரணப் பயனர்கள் டிஸ்க்கை நிறைத்துவிட்டாலும் சிஸ்டத்தின் அத்தியாவசியச் சேவைகள் மூச்சு விட வேண்டும், கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறுவதும் குறைய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ரூட் பகுதிக்கு இது நல்லதுதான். ஆனால் வெறும் பேக்கப் வைக்கும் 4 டெராபைட் டிஸ்க்கில் இதே 5 சதவீதம் 200 ஜிபி; அது அங்கே சும்மா கிடக்கிறது. டியூன்2எஃப்எஸ் கட்டளையில் இதை 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம், டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ரூட்டாக எழுதினால் எழுதுகிறது, அப்ளிகேஷன் எழுதினால் பிழை வருகிறது என்ற புதிருக்கும் பெரும்பாலும் விடை இதுதான்.

எந்தப் பகுதி என்று தெரிந்தபின் அதற்குள் இடத்தைத் தின்பது யார் என்று தேடுவது டியூ கட்டளையின் வேலை. டியூ -எக்ஸ் என்று கொடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் அது மவுன்ட் எல்லைகளைத் தாண்டி மற்ற டிஸ்க்குகளையும் நெட்வொர்க் பகிர்வுகளையும் எண்ணப் போய்விடும். ஒரு நிலை ஆழம் மட்டும் காட்டச் சொல்லி, சார்ட் -ஹெச் வழியாக வரிசைப்படுத்தி, கடைசியில் வரும் மொத்தத்துக்கு முந்தைய வரியில் நிற்கும் ஃபோல்டருக்குள் இறங்கி, அங்கே மறுபடியும் அதே கட்டளை. நாலைந்து தடவை இறங்கினால் ஆள் சிக்கிவிடுவார். இதையே திரையில் உலாவிப் பார்க்க விடும் என்சிடியூ நிறுவியிருந்தால் இன்னும் சுலபம். பல நேரம் கதை இங்கேயே முடியும்: சுழற்சி இல்லாமல் (பழையதை அவ்வப்போது ஒதுக்கி அழிக்காமல்) வளர்ந்த லாக், யாரோ ஹோமில் போட்டு மறந்த டம்ப், பழைய கெர்னல்களால் பிதுங்கும் /பூட்.

கதை முடியாத நேரங்கள்தான் சுவாரசியமானவை. 50 ஜிபி ரூட் பகுதி நூறு சதவீதம் நிறைந்துவிட்டது என்கிறது டிஎஃப். டியூ முழுவதையும் எண்ணிவிட்டு 14 ஜிபிதான் என்கிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. டிஎஃப் கோப்பு முறைமையின் மொத்தக் கணக்கை அப்படியே வாங்கிச் சொல்கிறது. டியூ ஒவ்வொரு ஃபோல்டராக நடந்துபோய், பெயர் உள்ள கோப்புகளை மட்டும் கூட்டுகிறது. எனவே இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தால், பெயர் இல்லாத ஏதோ ஒன்று இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

லினக்ஸில் ஆர்எம் கட்டளை அழிப்பது கோப்பின் பெயரை மட்டும்தான். கோப்பின் பிளாக்குகள் விடுபட இரண்டு நிபந்தனைகள் உண்டு: அதைச் சுட்டும் பெயர் எதுவும் இருக்கக்கூடாது, அதைத் திறந்து வைத்திருக்கும் புரோசஸும் (ஓடும் புரோகிராம்) இருக்கக்கூடாது. ஜாவா அப்ளிகேஷன் ஒன்று 33 ஜிபி லாக் கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டே இருக்கிறது. யாரோ வந்து ஆர்எம் போடுகிறார். எல்எஸ் அடித்தால் கோப்பு இல்லை, டியூவுக்கும் தெரியாது. அப்ளிகேஷனோ அதே கோப்பில் தொடர்ந்து எழுதுகிறது, அது வளர்ந்துகொண்டே போகிறது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று அடித்தால் இப்படிப் பெயரிழந்து திறந்து கிடக்கும் கோப்புகள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும்: புரோசஸின் பெயர், அதன் எண், கோப்பின் அளவு, வரிக் கடைசியில் 'டெலீட்டட்' என்ற முத்திரை. எல்எஸ்ஓஎஃப் இல்லாத சர்வர் என்றால் /புராக் ஃபோல்டரில் அந்தந்தப் புரோசஸின் எஃப்டி பகுதியில் இதே தகவல் இருக்கும்.

சேவையை ரீஸ்டார்ட் செய்தால் கோப்பு மூடப்படும், இடம் உடனே திரும்பிவிடும். பகல் நேரத்தில் ரீஸ்டார்ட் செய்ய முடியாது என்றால், /புராக் வழியாகவே அந்தக் கோப்பை வெறுமையாக்கலாம். பெயர் போனாலும் அந்தப் பாதை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. லாக் கோப்பு என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். டேட்டாபேஸ் திறந்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்பில் இந்த வித்தையைக் காட்டினால் என்ன ஆகும் என்று உத்தரவாதம் சொல்ல முடியாது. முதலிலேயே ஆர்எம் போடாமல் ட்ரங்கேட் கட்டளையில் அளவைப் பூஜ்யமாக்கியிருந்தால் இந்தச் சுற்றே தேவையில்லை.

அதிலும் ஒரு நுணுக்கம். அப்ளிகேஷன் அந்த லாக்கை 'அப்பெண்ட்' (கோப்பின் முடிவிலேயே சேர்க்கும்) முறையில் திறந்திருக்கவில்லை என்றால், தான் கடைசியாக எழுதிய இடம் 33 ஜிபி என்றே நினைத்துக்கொண்டு அங்கிருந்து தொடரும். முன்னால் இருக்கும் 33 ஜிபி வெறும் ஓட்டை. எல்எஸ் அதை 33 ஜிபி கோப்பு என்று காட்டும், டியூ சில கேபி என்று காட்டும். டிஸ்க்குக்கு ஆபத்தில்லை. ஆனால் அதை எஸ்சிபி மூலம் இன்னொரு சர்வருக்கு அனுப்பினால் ஓட்டை முழுவதும் பூஜ்யங்களாக நிரம்பி, இப்போது அந்தச் சர்வர் நிறைந்துவிடும்.

லாக்குகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் அமைத்திருந்தும் இந்தச் சிக்கல் வரும். அது பழைய கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் புதியதை உருவாக்கும். ஆனால் சேவைக்கு அதைச் சொல்ல வேண்டும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் என்றால் யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் லாக்கைப் புதிதாகத் திறந்துகொள்ளும். சொல்லாமல் விட்டால் சேவை பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும், சுழற்சி முடிந்து அந்தக் கோப்பு அழிக்கப்பட்ட பிறகும்கூட.

டிஎஃப்-டியூ இடைவெளிக்கு இன்னொரு காரணம், மவுன்ட்டுக்கு அடியில் புதைந்த கோப்புகள். /பேக்கப் என்ற ஃபோல்டரில் வெளி டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்க வேண்டும். ஏதோ ஒரு ரீபூட்டில் அது மவுன்ட் ஆகவில்லை. இரவு ஓடும் ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, ரூட் டிஸ்க்கின் மேலேயே பேக்கப்பைக் கொட்டுகிறது. பிறகு யாரோ கவனித்து டிஸ்க்கை மவுன்ட் செய்துவிடுகிறார். இப்போது கொட்டிய கோப்புகள் மவுன்ட்டுக்குக் கீழே மறைந்துவிட்டன. எல்எஸ்ஓஎஃப் இதைக் காட்டாது. ரூட்டை வேறொரு ஃபோல்டரில் பைண்ட் மவுன்ட் செய்து (அதே பகுதியை இன்னோர் இடத்திலும் காட்டச் செய்து), அங்கிருந்து டியூ ஓட்டினால் அடியில் கிடப்பது மேலே தெரியும்.

சரி, டிஎஃப் -ஹெச் பாதி டிஸ்க் காலி என்கிறது, ஆனாலும் கோப்பு உருவாகவில்லை என்றால்? டிஎஃப் -ஐ பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் ஒரு ஐநோடு வேண்டும். உரிமையாளர் யார், அளவு எவ்வளவு, பிளாக்குகள் எங்கே என்பதெல்லாம் அதில்தான். கிடங்கில் இடம் இருந்தும் பதிவேட்டில் பக்கம் தீர்ந்துபோன மாதிரி நிலை இது. எக்ஸ்ட்4 முறைமையில் ஐநோடுகளின் எண்ணிக்கை உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒன்று. 50 ஜிபி டிஸ்க்குக்கு 32,76,800 ஐநோடுகள் கிடைக்கும். சின்னஞ்சிறு கோப்பும் 4 கேபி பிளாக் ஒன்றைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வெறும் பொடிக் கோப்புகளாகவே நிரப்பினால் 12.5 ஜிபியிலேயே ஐநோடு தீர்ந்துவிடும். டிஸ்க்கில் முக்கால்வாசி காலியாக இருக்கும், புதுக் கோப்பு ஒன்றுகூட வைக்க முடியாது.

யார் இவ்வளவு பொடிக் கோப்புகளைப் போடுகிறார்கள்? பிஹெச்பி செஷன்கள் முதல் குற்றவாளி. டெபியன் வகை சர்வர்களில் செஷன் ஃபோல்டரைத் துடைக்கத் தனியாக ஒரு வேலை திட்டமிடப்பட்டிருக்கும். செஷன் பாதையை அப்ளிகேஷன் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டால் அங்கே துடைக்க ஆளில்லாமல் போகும். அடுத்தது, மெயில் சேவையான போஸ்ட்ஃபிக்ஸ் நின்றுபோன சர்வரில், நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் கிரான் அனுப்பும் மெயில்கள்: ஒவ்வொரு நிமிடமும் ஒரு மெயில் மெயில்டிராப் ஃபோல்டரில் சேர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் கேஷ் ஃபோல்டர்கள். டியூ கட்டளைக்கு --ஐநோட்ஸ் என்ற விருப்பம் உண்டு. அளவுக்குப் பதில் எண்ணிக்கையைக் கூட்டித் தரும். அழிக்கப் போனால் ஆர்எம்முடன் நட்சத்திரக் குறி வேலை செய்யாது, பெயர்ப் பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிடும். ஃபைண்ட் கட்டளையில் -டெலீட் கொடுத்து, இத்தனை நாளுக்கு முந்தியது என்ற வரம்பும் சேர்த்து ஓடவிட்டால் நிதானமாக அழித்து முடிக்கும்.

இன்னொரு கோப்பு முறைமையான எக்ஸ்எஃப்எஸ் ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. எக்ஸ்ட்4 என்றால் பின்னால் தனியாக ஐநோடு மட்டும் கூட்ட வழியில்லை. டிஸ்க்கைப் பெரிதாக்கினால் அதே விகிதத்தில் கூடும், அல்லது மறுபடி ஃபார்மேட்.

கோப்புகளின் எண்ணிக்கை மிகுந்துபோவது பூமியில் மட்டும் நடப்பதில்லை. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி மூன்றே வாரத்துக்குள் திடீரென்று பேச்சை நிறுத்தி, திரும்பத் திரும்ப ரீபூட் ஆகிக்கொண்டிருந்தது. ஃபிளாஷ் நினைவகத்தில் பயணக் காலத்திலிருந்தே கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டன. அவற்றின் விவரப் பட்டியலைக் கையாள நினைவகம் போதவில்லை. ஃபிளாஷைத் தொடாமல் பூட் ஆகும்படி இங்கிருந்து கட்டளை அனுப்பித்தான் அதை மீட்டார்கள்.

28ஆம் எண் பிழை டிஸ்க்கைப் பற்றியே பேசாத நேரமும் உண்டு. கோப்புகளில் மாற்றம் நடந்தால் தெரிவிக்கும் ஐநோட்டிஃபை வசதிக்குப் பயனர் அளவில் ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டிப் புதிதாக ஒன்றைக் கண்காணிக்கச் சொன்னாலும் கெர்னல் தருவது அதே பிழை, அதே வாசகம். டிஎஃப் இரண்டு விதத்திலும் சுத்தம், சேவைகளை இயக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை மட்டும் இடமில்லை என்கிறது என்றால் இந்தப் பக்கம் பாருங்கள். பழைய கெர்னல்களில் இதன் வரம்பு வெறும் 8,192, 5.11 பதிப்பிலிருந்து ரேமின் அளவைப் பொறுத்துத் தானே கூடுகிறது. ஒரு பயனருக்கு வகுத்த இட அளவான கோட்டா தீர்ந்தால் பெரும்பாலும் தனி வாசகம் வரும், அதில் குழப்பமில்லை. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில், கோப்புகளைப் பற்றிய விவரம் இருக்கும் மெட்டாடேட்டா பகுதி மட்டும் தனியாக நிறையும். ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் உறைந்த பதிவு) வைத்திருந்தால் கோப்பை அழித்தும் இடம் வராது, ஸ்னாப்ஷாட்டையும் அழிக்க வேண்டும்.

இனி, கை வைக்கக் கூடாத இடங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் மாற்றங்களை முன்கூட்டிப் பதிவு செய்யும் கோப்புகள் இருந்த ஃபோல்டருக்கு ஒரு காலத்தில் பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். டிஸ்க் நிறைந்ததும் 'லாக்தானே' என்று அதைத் துடைத்துவிட்டு டேட்டாபேஸையே இழந்தவர்கள் இருந்தார்கள். 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அதற்கு பிஜி_வால் என்று பெயர் மாற்றியதற்கு இதுவே காரணம். அந்த ஃபோல்டர் வீங்கினால் கேட்க வேண்டிய கேள்வி, அது ஏன் தானாகச் சுருங்கவில்லை என்பது. பெரும்பாலும் எப்போதோ நிறுத்திய ரெப்ளிகா (நகல் சர்வர்) ஒன்றுக்காக, அது எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் இன்னும் அத்தனையையும் பிடித்து வைத்திருக்கும். அல்லது ஆர்கைவ் செய்யும் கட்டளை தோற்றுக்கொண்டே இருக்கும். தேவையில்லாத ஸ்லாட்டை நீக்கினால் போஸ்ட்கிரெஸ் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

மைஎஸ்கியூஎல்லில் இதே இடத்தில் நிற்பவை, மாற்றங்களைப் பதியும் பைனரி லாக்குகள். 8.0 பதிப்பில் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். ரெப்ளிகா எதுவரை படித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, பர்ஜ் கட்டளை மூலம் டேட்டாபேஸின் வாயாலேயே அழிக்கச் சொல்ல வேண்டும், ஆர்எம் கூடாது. டிஸ்க் நிறைந்தால் மைஎஸ்கியூஎல் சாய்வதில்லை, நிமிடத்துக்கு ஒருமுறை இடம் வந்ததா என்று பார்த்தபடி காத்திருக்கும். இடம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அவசரப்பட்டு அதைக் கொல்ல வேண்டாம்.

டேபிளிலிருந்து கோடி வரிகளை டெலீட் செய்தேன், ஒரு எம்பிகூடக் குறையவில்லையே என்பதும் அடிக்கடி வரும் புலம்பல். வரிகள் போனாலும் டேபிளின் கோப்பு சுருங்காது; காலியிடம் அடுத்து வரும் வரிகளுக்காக உள்ளேயே இருக்கும். வேக்யூம் ஃபுல், ஆப்டிமைஸ் டேபிள் போன்றவை சுருக்கும், ஆனால் டேபிளின் புதுப் பிரதி ஒன்றை எழுதி முடித்த பிறகுதான் பழையதை விடும். இடம் இல்லாத நேரத்தில் இடத்தை மிச்சப்படுத்தவே இடம் வேண்டும். ஜிஜிப்பும் அப்படித்தான்: 20 ஜிபி லாக்கைச் சுருக்கப் போனால் சுருங்கிய கோப்பு முழுதாக உருவாகும்வரை மூலக் கோப்பும் அங்கேயே இருக்கும்.

துப்புரவு வேலையே இடத்தைத் தின்றுவிடலாம் என்பதற்கு ஊரறிந்த சான்று டொயோட்டா. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் அந்த நிறுவனத்தின் 14 தொழிற்சாலைகளும் நின்றுபோயின. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்கள் சில செயலிழந்துவிட்டன. இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்பில், டேட்டாபேஸில் சேர்ந்திருந்த தரவை அழித்து ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க் இடம் போதாமல் பிழை வந்தது. காப்புச் சர்வரும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அங்கும் அதே கதை. கூடுதல் கொள்ளளவு உள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகுதான் நிலைமை சீரானது. இந்தச் செய்தியில் என்னைக் கவர்ந்தது தொழிற்சாலை எண்ணிக்கை அல்ல, காப்புச் சர்வர்தான். அதே அளவு டிஸ்க்கும் அதே தரவும் கொண்ட இரண்டாவது சர்வர், இந்த ஒரு பிழைக்கு மட்டும் காப்பே அல்ல.

பாதுகாப்பாக அழிக்கக்கூடியவையும் உண்டு, அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜர்னல் லாக்கை ஜர்னல்சிடிஎல்லின் வேக்யூம் விருப்பத்தில் குறைக்கலாம். இயல்பில் அது பகுதியின் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். மென்பொருள் நிறுவும் ஆப்ட், யம் கட்டளைகளின் கேஷ்கள் எப்போது போனாலும் திரும்ப வரும். அப்ளிகேஷன்களைக் கண்டெய்னர்களாக ஓட்டும் டாக்கர் உள்ள சர்வரில் டாக்கர் சிஸ்டம் டிஎஃப் பாருங்கள். பழைய இமேஜ்களை புரூன் கட்டளையில் களையலாம், ஆனால் அதோடு வால்யூம்ஸ் விருப்பத்தைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள், டேட்டாபேஸ் அங்கே இருக்கலாம். கண்டெய்னர்களின் ஜேசன் லாக்குக்கு இயல்பில் அளவு வரம்பே கிடையாது. வரம்பு வைத்தாலும் புதிதாக உருவாக்கும் கண்டெய்னர்களுக்குத்தான் அது பொருந்தும்.

டிஸ்க்கையே பெரிதாக்குவது என்று முடிவு செய்தால், கிளவுட் பக்கத்தில் எண்ணை மாற்றுவது முதல் படி மட்டும்தான். பார்ட்டிஷனை நீட்ட வேண்டும், அதற்கு மேல் கோப்பு முறைமையை நீட்ட வேண்டும்: எக்ஸ்ட்4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ். நூறு சதவீதம் நிறைந்த ரூட்டில், பார்ட்டிஷனை நீட்டும் குரோபார்ட் ஓட்டினால் அதுவும் இடமில்லை என்று சொல்லி நிற்கும், ஏனென்றால் அதற்கும் /டெம்ப்பில் தற்காலிகக் கோப்பு வேண்டும். /டெம்ப் மேல் ரேமிலிருந்து ஒரு சிறு டெம்ப்எஃப்எஸ் மவுன்ட் செய்துவிட்டு ஓட்டினால் வேலை நடக்கும்.

எச்சரிக்கை வைப்பதில் எல்லோரும் 80, 90 சதவீதம் என்று சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். 20 ஜிபி டிஸ்க்கில் 80 சதவீதம் என்றால் மிச்சம் 4 ஜிபி, ஒரு டீபக் லாக் அதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். 10 டெராபைட் டிஸ்க்கில் அதே 80 சதவீதத்துக்கு மாதக்கணக்கில் கவலையில்லை. நிறையும் வேகத்தை வைத்து இன்னும் எத்தனை மணி நேரம் என்று கணிக்கும் எச்சரிக்கை பயனுள்ளது. கண்காணிப்பு மென்பொருளான புரோமிதியஸில் பிரெடிக்ட்_லீனியர் இதற்காகவே பலரும் பயன்படுத்தும் ஃபங்ஷன். அதே எச்சரிக்கையை ஐநோடுக்கும் வையுங்கள். நீங்கள் எந்த எண் வைத்தாலும் சில மென்பொருள்கள் தமக்கென்று ஒன்று வைத்திருக்கும்: தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் 95 சதவீதத்தில் இண்டெக்ஸ்களைப் பூட்டிவிடும், கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் 10 சதவீதம்கூட மிச்சமில்லாத நோடிலிருந்து (சர்வரிலிருந்து) பாட்களை (கண்டெய்னர் தொகுப்புகளை) வெளியேற்றத் தொடங்கும். உங்கள் எச்சரிக்கை அவற்றுக்கு முன்னால் அடிக்க வேண்டும்.

சிலர் ஒவ்வொரு பகுதியிலும் 1 ஜிபிக்கு ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டு வைத்திருப்பார்கள். அவசரத்தில் அதை அழித்துவிட்டு, கிடைத்த இடத்தில் நிதானமாக ஆராய்வதற்கு. மலிவான, நல்ல பழக்கம். ஆனால் அதை ஃபாலொகேட் கட்டளையில் உருவாக்குங்கள். ட்ரங்கேட்டில் உருவாக்கினால் எல்எஸ் 1 ஜிபி என்று காட்டும், டிஸ்க்கில் ஒரு பிளாக்கைக்கூடப் பிடித்திருக்காது, அழித்தாலும் ஒன்றும் கிடைக்காது.